முழுப் பெயர்

“ஏங்க, நீங்க செத்துட்டீங்களாம். டிவியில சொல்றாங்க.”

மனைவி குளியலறை வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டம் சார் அப்போது ஒரு கன்னத்துக்குத்தான் சவரம் செய்திருந்தார்.

சர்வதேசச் சட்டம் நடத்துகிற பேராசிரியர் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஊருக்கே அவர் சட்டம் சார்தான். அப்பா, தாத்தா பெயர்களோடு நீளும் முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது.

அந்த முழுப் பெயர்தான் வினை.

எங்கோ மலைக்குள் பதுங்கியிருந்த, பயங்கரவாதி என்று தேடப்பட்ட ஒருவனுக்கும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர். சட்டம் சார் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும், கவுண்டரில் இருக்கும் பெண்ணின் சிரிப்பு காணாமல் போய்விடும். தனி அறை, கேள்விகள், கடைசியில் ஒரு மன்னிப்பு. அதற்குள் விமானம் போயிருக்கும். மனுமேல் மனுவாகப் போட்டு அலுத்துப்போனார்.

வெளிநாட்டில் இருந்த மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டன. தாத்தா என்பவர் போனுக்குள் குடியிருப்பவர் என்றே அவை நினைத்துக்கொண்டிருந்தன. நீங்கள் இல்லாமல் நான் மட்டும் எதற்கு என்று மனைவியும் போகவில்லை.

இன்று விடியற்காலையில் அந்தப் பெயர்க்காரனை ட்ரோன் அனுப்பிக் காரோடு தீர்த்துவிட்டார்களாம்.

சட்டம் சார் முகத்து நுரையோடு மனைவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பாதி நுரை அவள் மூக்கில் ஒட்டிக்கொண்டது. மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இருவருக்கும் புரியவில்லை. அடுத்த தெருவிலிருந்து மச்சான் ஓடிவந்தான். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அத்தானின் கையைப் பிடித்து, எப்போது எடுக்கிறீர்கள் என்று துக்கம் விசாரித்தான். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மனைவி பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் தூசு தட்ட ஆரம்பித்தாள்.

ஒரு மனுஷன் செத்ததற்கு இப்படியா கூத்தாடுவது என்று மனசாட்சி ஒரு மூலையில் முணுமுணுத்தது. சாயங்காலம்வரை சும்மா இரு, அங்கே வந்து பேசிக்கொள் என்று அதை அடக்கிவைத்தார்.

சாயங்காலம் அவருக்கு டிவியில் விவாதம் இருந்தது. சந்தேகிக்கப்படுபவர்களைக் குறிவைத்துக் கொல்வது சர்வதேசச் சட்டத்தை மீறுவதா என்பது தலைப்பு. மீறுவதுதான் என்று பேச வேண்டியவர் இவர்.

மேக்கப் போடும் பெண்தான் கண்டுபிடித்தாள், ஒரு கன்னம் வழவழவென்றும் இன்னொன்று முள்ளாகவும் இருப்பதை. விஷயம் என்னவென்று அடுத்த நாற்காலியில் இருந்தவர் விசாரித்தார். அவர் ஓய்வுபெற்ற கர்னல், எதிர்த்தரப்பில் பேச வந்தவர். சட்டம் சாரால் அடக்க முடியவில்லை. விமான நிலையத்திலிருந்து மச்சான்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கர்னல் சிரித்த சிரிப்பில் முகத்துப் பவுடர் உதிர்ந்தது. அப்படியானால் விவாதத்துக்கு முன்னால் எங்கள் தரப்புக்கு ஒரு நன்றி சொல்லுங்கள் என்றார்.

விளக்குகள் எரிந்தன.

கர்னல் நேரே விஷயத்துக்கு வந்தார். கைது செய்ய முடியாத இடத்தில் ஒளிந்துகொண்டு, நாளைக்கே குண்டு வைக்கப் போகிறவனுக்குச் சம்மனா அனுப்ப முடியும்? தற்காப்பு உரிமை ஐ.நா. சாசனத்திலேயே இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் நாளைக்கே என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பிடித்துக்கொண்டார் சட்டம் சார். போர் நடக்காத இடத்தில், இன்னொரு நாட்டு மண்ணில், விசாரிக்காமல் உயிரை எடுக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? சந்தேகம் எப்போது தீர்ப்பானது?

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசியதில்லை. வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன. செத்தவனுக்காக இவ்வளவு குஷியாக வாதாடிய ஆள் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். மகிழ்ச்சியும் கொள்கையும் ஒரே வயிற்றில் சண்டையில்லாமல் இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கட்டத்தில் கர்னலே வாய்விட்டுச் சிரித்து, இந்தப் புள்ளியை உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி டிக்கெட் போட்டிருப்பாள்.

அப்போதுதான் நிகழ்ச்சி நடத்திய பெண் காதில் இருந்த கருவியை விரலால் அழுத்திக்கொண்டாள். ஒரு திருத்தம் வந்திருப்பதாகச் சொன்னாள்.

காலையில் கொல்லப்பட்டவர் தேடப்பட்டவர் அல்ல. அதே முழுப் பெயர் கொண்ட வேறொருவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தூரத்து நகரத்தில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெயரைக் காரணம் காட்டி வருஷக்கணக்காக விமானத்தில் ஏற்ற மறுத்ததால், முந்தின நாளே காரில் கிளம்பினாராம்.

திரையில் ஒரு முகம் வந்தது. கண்ணாடி லேசாகக் கோணியிருந்தது.

கர்னலின் கை மேசைக்கு அடியில் வந்து சட்டம் சாரின் கையைப் பற்றிக்கொண்டது.

ஒன்றும் விளங்காமல் நிகழ்ச்சி நடத்திய பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

“அவரை உங்களுக்குத் தெரியுமா, சார்?”

அந்த முகத்தை அவர் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

“தெரியும்மா” என்றார்.