நாளைக்கு ரெண்டு காய்ச்சல்

ஆட்டுப்பட்டியில காய்ச்சல் வந்துச்சு. டாக்டரு யாருன்னா, கழுதை. தெர்மாமீட்டர தெனம் ரெண்டு ஆட்டுக்கு வைக்கும், ரெண்டுக்கும் கொதிக்கும். "இன்னைக்கு ரெண்டே காய்ச்சல்"னு பலகையில எழுதிட்டுப் படுத்துரும்.

குட்டிய மேய அனுப்பலாமான்னு வெள்ளாட்டுக்குப் பயம். "ஏன் டாக்டரே, பட்டியே இருமுதே?"

"பலகையப் பாரு ஆத்தா. பத்து நாளா ரெண்டத் தாண்டல. நோயி நமக்குப் பயந்துருச்சு."

"நீங்க பாக்குறதே ரெண்டு பேரத்தான?"

"மூணாவதப் பாத்தா மூணாயிரும். பட்டி தாங்குமா?"

சொல்லும்போதே கழுதை தும்முச்சு. கண்ணு ரெண்டும் செவந்துபோச்சு.

வெள்ளாடு குட்டிய வயித்துக்கடியில தள்ளிக்கிட்டு தெர்மாமீட்டர நீட்டுச்சு. "வாயத் தெறங்க."

"வேணாம் ஆத்தா," கழுதை நடுங்கிக்கிட்டே பலகையக் காட்டுச்சு. "இன்னைக்கு ரெண்டு முடிஞ்சுபோச்சு. எனக்கு நாளைக்குத்தான் காய்ச்சல்."