முதலாளி நட்ட செடி

“உசிர் இருக்கா, போயிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க!” போனில் மனைவியின் குரல் நடுங்கியது.

மண்டியிட்டிருந்தவர் நகத்தால் தோலை மெல்லச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருப்பதாக அர்த்தம். இருந்ததோ பழுப்பு.

“இருக்கு... இருக்கிற மாதிரிதான் இருக்கு” என்றார் தோட்டக்காரர், தொழிற்சாலை வாசலில் ஓர் இலைகூட இல்லாமல் நின்ற அந்த இடுப்புயரச் செடியைப் பார்த்தபடி.

“நீங்களே ஒரு ஒதிய மரம். உங்களை நம்பி ஒரு செடி! நாளைக்கு முதலாளி வந்து துரத்தினா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். இந்த முறை திரும்பி வர மாட்டேன், ஆமா!”

ஒதிய மரம் என்பது கல்யாணமான மறுமாதமே மனைவி அவருக்குச் சூட்டிய பட்டம். ஆள் வளர்த்தி உண்டு, காரியத்துக்கு ஆகாது என்று பொருள். வரிசையாக மூன்று வேலைகளை அவர் கோட்டைவிட்டதில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

செடி முதலாளி தன் கையால் நட்டது. “இந்தக் கோடையை இது தாண்டிட்டா உன் வேலை நிரந்தரம். பட்டுப்போச்சுன்னா நீயும் கிளம்பு” என்று சொல்லியிருந்தார்.

செடியை விற்ற நர்சரி அம்மா அன்றே படித்துப் படித்துச் சொன்னாள். “வறட்சி தாங்குற மரம்ங்க. வெயில் ஏறினா இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். செத்துடுச்சோன்னு பயந்து தண்ணியை ஊத்திக் கொன்னுடாதீங்க, வேர் அழுகிடும்.”

கோடை பிறந்ததுமே இலை கொட்டியது. அவர் பயந்தார். காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். காற்றில் சாயாமலிருக்க வேலி மரத்தில் ஒரு கம்பை வெட்டிப் பக்கத்தில் ஊன்றி, இரண்டையும் சேர்த்துக் கோணி சுற்றிக் கட்டினார். பெற்ற பிள்ளைக்குக்கூட இத்தனை போர்த்திவிட்டதில்லை.

மறுநாள் காலை, துரத்துவதற்கு முன் நாமே சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் வந்தார். கோணியின் வாய்க்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு துளிர் நீட்டிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார்.

முதலாளி வந்தார். துளிரோடு நான்கு போட்டோ எடுத்துக்கொண்டார். “பாத்தியா, என் கைராசி! நாளையிலேருந்து நீ நிரந்தரம்யா!”

செடிக்குப் பெயர்ப்பலகை மாட்ட வந்திருந்த நர்சரி அம்மா குனிந்து, துளிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பலகையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். “எழுத்துப்பிழை இருக்கு சார். மாத்தி எழுதிக் கொண்டாறேன்.”

முதலாளியின் கார் கிளம்பியதும் தோட்டக்காரர் பக்கம் திரும்பினாள். “நான் கொடுத்த செடியில கணுவுக்கு ஒத்தை இலைதாங்க வரும். இது ஒரே ஈர்க்குல ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா விட்டிருக்கு.”

கோணியை விலக்கினாள். உள்ளே செடி, தொட்டதும் மளுக்கென்று முறிந்தது.

“இது செத்து ஒரு மாசம் இருக்கும். துளிர்த்தது நீங்க ஊன்றின கம்பு!”

அவர் அவசரமாகக் கோணியை இழுத்து மூடினார். “முதலாளிகிட்ட சொல்லிடுவீங்களாம்மா?”

“வாசல்ல அவருக்கு ஒரு மரம் வேணும். இதுவும் வறட்சி தாங்குற மரம்தான், இதுவும் கோடையில இலை கொட்டும். இனிமேலாவது குடத்தைத் தூக்காதீங்க.” என்ன மரம் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், மறுபடியும் அழுதார்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

“நிரந்தரமா? நிஜமாவா? பாப்பா மேல சத்தியமா?” என்றாள் மனைவி. “நம்ம குடும்பத்தையே காப்பாத்திடுச்சுங்க அந்த மரம். அதோட பேரென்ன?”

“ஒதிய மரம்டி.”