பாதி ஆள்

மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் நெரிசல் கூடாதென்று துணை ஆட்சியர் ஒரு திட்டம் கண்டுபிடித்து, அதற்கு விழாவும் எடுத்து, முக்கால் மணி நேரம் பேசினார். வரிசை நீளும்போதே காவலாளி வீரபுத்திரன் சிலர் கையில் ஊதா முத்திரை குத்துவார். குத்துப்பட்டவர் உள்ளே போகலாம். ஆனால் அவர் ஊரிலிருந்து அடுத்த வாரம் பாதிப் பேர்தான் வர வேண்டும். முத்திரைக்குக் கை நீட்டாதவர்களை வெளியே தள்ளிவிடுவார்.

செங்காட்டுப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நீட்டவில்லை. பத்துப் பேரைத் தள்ளினால் அடுத்த வாரம் முப்பது பேராக வந்தார்கள். செங்காட்டுப்பட்டியோ சொன்ன பேச்சைக் கேட்கிற ஊர். குழாயில் தண்ணீர் வந்து இரண்டு மாதமாகிறது. அதைச் சொல்லப் பதினாறு பேராக வந்தவர்கள் எட்டாகி, நாலாகி, இரண்டாகி, கடைசியில் அமராவதி மட்டும் வந்தாள். அவளுக்கும் குத்து விழுந்தது.

உள்ளே இருந்த குமாஸ்தா மனுவைப் பிரிக்கவேயில்லை. “ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. அப்ப ஊர்ல தண்ணி வருதுன்னுதானே அர்த்தம்?”

அடுத்த திங்கட்கிழமை அவள் ஒரு காலை வரிசைக் கயிற்றுக்கு உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்து நின்றாள்.

“என்னம்மா இது?” என்றார் வீரபுத்திரன்.

“பாதி ஆள்தானேண்ணே வரச் சொன்னீங்க. வந்திருக்கேன்.”

கயிற்றுக்கு உள்ளே இருந்த கையை நீட்டினாள். பின்னாலிருந்து பக்கத்து ஊர் நெட்டித் தள்ளியது. அவர் முத்திரையைத் தூக்கினார், குத்தவில்லை.

“குத்தினா இதுலயும் பாதிதான் அடுத்த வாரம் வரணும்மா.”

“தெரியும்ணே. குத்துங்க.”