கூப்பிடு தூரம்

ஏலக்காரர் மிதவை அங்கியின் பட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டு படகில் காலை வைத்ததும், துறையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் அவர் தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. பாய்மரப் படகெல்லாம் அவர் மனைவியின் சங்கதி. அவள் ஏரியில் பறப்பாள். இவர் சாப்பாட்டுப் பையோடு கரையில் நின்று, "வெயில் ஏறிப்போச்சு, வாடி!" என்று கத்துவார். வா என்றால் அவள் இன்னொரு சுற்றுப் போவாள்.

படகு கிளப்பில் அவருக்குக் கரைக் கேப்டன் என்று பேர்.

காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டு உரமேறிய தொண்டை. மைக் எதற்கு, இவர் இருக்கிறாரே என்று கோடைத் தொடக்க நாளின் அறிவிப்புகளை எல்லாம் அவர் தலையில்தான் கட்டுவார்கள்.

இந்த வருடம் செயலாளரே மைக்கைப் பிடித்தார். புதியவர்களுக்கான வகுப்பு இன்று தொடங்குகிறது. பிள்ளைகளுக்கான போட்டி அடுத்த வாரம். கிழிந்த பாய்களைக் கொட்டகையில் கொடுத்தால் தைத்துக் கிடைக்கும். மீட்புப் படகு...

அங்கே அவர் குரல் இறங்கியது. மீட்புப் படகு இந்த முறை முதலிலேயே தண்ணீரில் இறக்கப்பட்டுவிட்டது.

யாரும் ஏலக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன கோடையில், தொடக்க நாளுக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மீட்புப் படகைக் கட்டைமேல் ஏற்றிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் மனைவியின் படகு தலைகுப்புறப் புரண்டது. அவள் அதற்கு அடியில். காற்று படகை அணைக்கரைக் கற்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போயிற்று.

துறையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

அதோடு போன குரல் திரும்பவில்லை. இப்போது சந்தையில் மச்சினன் ஏலம் விடுகிறான். இவர் பின்னால் நின்று விற்ற மூட்டைகளுக்குச் சாக்பீஸால் குறி போடுகிறார்.

பார்க்கிறவர்களிடம் எல்லாம் கிசுகிசுப்பாக ஒன்றையே கேட்டார். நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்குமா?

கேட்டிருக்கும் என்றார் செயலாளர். கேட்காமல் இருக்குமா என்றார்கள் மற்றவர்கள். அவர் மனைவியிடமே படகு ஓட்டப் பழகி, இன்று பயிற்சியாளராக இருக்கும் பெண், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துலதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் அக்கா போயிருப்பாங்க, மாமா" என்று அழுதாள்.

பாய் தைக்கிறவர் ஒருவர் மட்டும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் காத்துல எங்கய்யா கேக்கும்?" என்றுவிட்டார்.

நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஏலக்காரர் அன்றிலிருந்து மாலை வேளைகளில் அவர் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்தார்.

இன்று வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

புதியவர்களுக்கு முதல் பாடம், கவிழ்வது. வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, அடியில் போய், அங்கே தங்கியிருக்கும் காற்றில் மூச்சு விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் கொட்டகைக் கதவில் எழுதியிருக்கும் கிளப்பின் விதியை எல்லோரும் உரக்கப் படிக்க வேண்டும். ஏலக்காரர் உதட்டை அசைக்கவில்லை. குரல் இல்லாதவர்தானே என்று பயிற்சியாளரும் விட்டுவிட்டாள்.

அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. அவள் துறையில் நின்று அவரைக் கூப்பிட வேண்டும்.

நல்ல காற்று. காற்றுள்ள நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்.

மீட்புப் படகு பக்கத்திலேயே நின்றது. ஏலக்காரர் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தார். வானம் சரிந்தது. பாய் தண்ணீரில் அறைந்தது. அடுத்த நொடி அவர் படகின் வயிற்றுக்குள் இருந்தார்.

பச்சை வெளிச்சம். சின்ன அறைக்குள் அடைபட்டது போல அவருடைய மூச்சே அவர் முகத்தில் மோதியது. அலை படகின் முதுகில் சளப் சளப்பென்று அடித்தது.

வேறு சத்தம் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா!"

பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

"மாமா, கேக்குதா? பயப்படாதீங்க! அப்படியே முங்கி வெளிய வாங்க!"

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. அதுவும் வந்தது.

அவர் உடனே வெளியே வரவில்லை. கடைசியில் மீட்புப் படகில் இருந்தவர்கள்தான் இழுத்து வந்து துறையில் உட்கார வைத்தார்கள்.

பயிற்சியாளர் முழங்காலிட்டு அவர் முகத்தைத் துடைத்தாள். "கேட்டுச்சா, மாமா?"

தலையை ஆட்டினார்.

"நான்தான் சொன்னேன்ல!" அவள் அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிக்கொண்டாள். "அக்காவுக்கும் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கும்."

சுற்றி நின்றவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். பாய் தைக்கிறவர் மட்டும் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

கொட்டகைக் கதவு நேர் எதிரே இருந்தது. பெரிய எழுத்து. படகுகளைப் பற்றி ஏலக்காரருக்குத் தெரிந்தது வாழ்க்கையில் அந்த ஒரு வரிதான்.

எது நடந்தாலும் படகை விடாதே, உதவி வரும்.

அன்றைக்கு, பெயின்ட் காயாத மீட்புப் படகுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவர் கத்தியதும் அதைத்தான்.

இந்த ஏரியைக் குறுக்கே நீந்திக் கடக்கிறவள் அவள். விட்டிருந்தால் கரைக்கு வந்திருப்பாள்.

வா என்றால் இன்னொரு சுற்றுப் போகிறவள், அன்று மட்டும் அவர் சொன்னபடியே செய்திருந்தாள். கற்களுக்கு நடுவிலிருந்து எடுத்தபோதும், படகின் கயிறு அவள் கையில்தான் இருந்தது.