பாசிக் குளிசை

சவூதியிலிருந்து மச்சினன் முனாப் விடுமுறைக்கு முன்கூட்டியே அனுப்பிய பெட்டியில் பாசியில் செய்த குளிசைப் போத்தல் ஒன்று இருந்தது. மேலிருந்த அரபெழுத்தை ஆதம்பாவாவுக்கு ஓதத் தெரியும், அர்த்தம்தான் தெரியாது. தினமும் பிஸ்மி சொல்லி விழுங்கினார்.

“முழங்கால் நோவு போயிட்டு, புள்ள.”

“வயித்தாலயும் போகுதே,” என்றாள் மனைவி சுலைஹா.

“உள்ளுக்க கிடந்த அழுக்குப் போகுது.”

“பச்சையாப் போகுதெண்டீங்க?”

“பழைய அழுக்கு.”

போத்தல் முடிந்த வாரம், முனாப் விடுமுறையில் வந்திறங்கினான். கொண்டுவந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சிவப்பு மீன்களை விட்டான்.

“ராத்தா, மீனுக்குப் போடுற குளிசைப் போத்தல் எங்க?”

தம்பி கேட்டதும் சுலைஹா புருஷனைப் பார்த்தாள். அவர் அசரவில்லை. வயிற்றைப் பிடித்தபடியே சொன்னார்:

“மீனுக்கு முழங்கால் நோவு வந்ததெண்டு ஆராச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?”