ஒரே ஒரு அரியர்

"சார், நம்ம திட்டத்துல ஒரு திருட்டுக் கேஸ்."

என் அறைக்குள் வந்தவர் துறை எழுத்தர். எல்லோரும் அவரை 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது.

"என்ன திருட்டு?"

"சனிக்கிழமை வகுப்புக்கு வருதே, முதல் பெஞ்ச்ல, வாயாடிப் பொண்ணு ஒண்ணு. அதோட அம்மா டிகிரி படிச்சவங்க. அஞ்சல்வழிப் பரீட்சை ஹால்லேருந்து வெளியே வந்ததை என் கண்ணால பார்த்தேன்."

"அவங்கதானா? நிச்சயமா தெரியுமா?"

"நான் என்னைக்கு சார் தப்பாச் சொல்லியிருக்கேன்?"

சொன்னதில்லை. அதுதான் அவரிடம் எரிச்சலான விஷயம்.

வீட்டில் யாருமே பட்டம் வாங்கியிராத பிள்ளைகளைப் பள்ளியிலேயே தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் தயார்படுத்தி, கல்லூரியில் இடமும் விடுதியும் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் எங்களுடையது. ஒருங்கிணைப்பாளர் நான். 'மாணவர் கல்லூரியில் சேரும் நாளில் தாயோ தந்தையோ பட்டம் பெற்றிருத்தல் கூடாது' என்ற விதியும் என் கைவண்ணமே. அந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று கூட்டங்கள் நடத்தினேன். மூன்றிலும் நான் மட்டும்தான் பேசினேன்.

சேர்க்கைக்கு இரண்டு மாதம் இருந்தது. தாயையும் மகளையும் வரச் சொன்னேன்.

தாய்க்குத் தையல் கம்பெனியில் காஜா மெஷினில் வேலை. அரைநாள் லீவு போட்டு, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

குற்றப்பத்திரிகை வாசிக்கும் குரலில் தொடங்கினேன்.

"ஏம்மா, நீங்க பட்டதாரின்னு புகார் வந்திருக்கு. உண்மையா இருந்தா உங்க பொண்ணுக்கு இடம் கிடையாது."

தாயின் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஐயோ சார், படிச்சாங்க, முடிக்கத்தான் இல்ல! ஒரே ஒரு அரியர். நாலு தடவை எழுதி நாலு தடவையும் ஊத்திக்கிச்சு."

"ஏய், சும்மா இருடி."

"நீ சும்மா இரும்மா. இடம் போச்சுன்னா நானும் உன் கம்பெனியில உட்கார்ந்து பட்டன் தைக்கணும், தெரியுமில்ல?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நானே பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடுத்தேன் சார். எல்லாத்துக்கும் நல்லாத் தலையாட்டுவாங்க. ஹாலுக்குள்ள போனா அவ்வளவுதான், காலி. சரியான மக்கு சார் எங்கம்மா."

தாய் கோபித்துக்கொள்ளவில்லை. மகளின் கையில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"எந்தப் பேப்பர்?" என்றேன்.

மகள் சொன்னாள். என் பாடம். அதன் பாடநூலை எழுதியவன் நான். விடைத்தாள் திருத்துபவனும் நானே.

திருட்டுக் கேஸ், விசாரணை எல்லாம் மறந்துபோயிற்று. நாலு தடவையா? அதுவும் என் புத்தகத்தைப் படித்துவிட்டா? அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாலே தூக்கம் வந்துவிடும் என்று சக பேராசிரியர்கள் சொல்வதுண்டு. பொறாமை என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உபதேசத்தை ஆரம்பித்தேன். விடாமுயற்சி, பயத்தை வெல்வது, பிள்ளைகளுக்குத் தாயே முன்மாதிரி. எல்லாம் பெற்றோர் கூட்டத்தில் வழக்கமாகப் பேசுவதுதான். கைதட்டல் மட்டும் குறைந்தது.

"சேர்க்கைக்கு முன்னாடி இன்னொரு பரீட்சை வருது. ரிசல்ட்டும் வந்துடும். ஞாயித்துக்கிழமையில வாங்க, நானே சொல்லித் தரேன். நீங்க எப்படி பாஸ் பண்ணாம போறீங்கன்னு பார்த்துடலாம்."

அவர் பதறி எழுந்துவிட்டார். "ஐயையோ, வேண்டாம் சார்!"

"உட்காருங்க, உட்காருங்க. புத்தகம் புரியலையா? கூச்சப்படாம சொல்லுங்க."

"நல்லாப் புரியுது சார். தெளிவா எழுதியிருக்கீங்க."

புத்தகம் வந்த நாளிலிருந்து யார் வாயிலும் கேட்டிராத வார்த்தை. கண் கலங்காமல் பார்த்துக்கொண்டேன்.

"அப்புறம் எப்படிம்மா ஃபெயில் ஆவீங்க?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் பாஸாயிட்டா அவளுக்கு இடம் போயிடுமே சார். உங்க ரூல்ஸ்ல அப்படித்தானே இருக்கு? முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ். நான் முப்பதுக்கு எழுதிட்டு பேனாவை மூடி வெச்சுடுவேன். மேல எழுதக் கை துறுதுறுன்னுதான் இருக்கும்."

"பரீட்சைக்கே போகாம இருந்திருக்கலாமே?"

"ஏன் போகலன்னு குடைஞ்சு எடுத்துடுவா. விஷயம் தெரிஞ்சா, எனக்கு இடமே வேணாம், நீ எழுதி முடின்னு நிப்பா. அதுக்கு அம்மா மக்குன்னே நினைச்சுட்டுப் போகட்டும். அவ சேர்ந்ததுக்கப்புறம் வர்ற பரீட்சையில முழுசா எழுதிடுவேன் சார். தயவுபண்ணி அவகிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. இது அபூர்வம், மூன்று கூட்டங்களில் கலந்துகொண்டவர்கள் நம்பமாட்டார்கள்.

கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அத்தனை பேப்பர் இருக்க, என் பேப்பரை மட்டும் ஏம்மா நிறுத்தி வெச்சீங்க?"

திரும்பத் திரும்பப் படிக்க ஆசையாக இருந்தது என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன்.

"மத்தவங்கன்னா பாவம் பார்த்து அஞ்சு மார்க் போட்டு பாஸ் பண்ணி விட்டுடுவாங்க சார். நீங்கன்னா அந்த பயமே இல்ல."