கனவில் வருகிறவன்

"நேத்தும் அவன் வந்தானா?"

தேநீரைக் கையில் வாங்கியபடியே கேட்டான் ஷஹ்பாஸ்.

"வந்தாருங்க" என்றாள் அனீஸா. "அணைக்கரையில மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தாரு. முள்ளை எல்லாம் அவரே எடுத்துட்டாரு."

அதற்குப் பிறகு ஷஹ்பாஸுக்குத் தேநீர் இறங்கவில்லை.

அனீஸா அவன் மனைவி. அவள் கனவில் வருகிறவனும் அயலான் இல்லை, ஷஹ்பாஸ்தான். அதே முகம், அதே உயரம். ஆனால் அந்த ஷஹ்பாஸ் காவிரியைக் குறுக்கே நீந்திக் கடப்பான். மாமியாரைக் கேலி செய்து சிரிக்க வைப்பான். மனைவியை 'அனீ' என்று கூப்பிடுவான். இந்த ஷஹ்பாஸ் படித்துறையிலேயே நின்றுவிடுகிறவன். மனைவியை 'நீங்க' என்று பேசுகிறவன்.

கனவு காணும்போதே அது கனவு என்று தனக்குத் தெரியும் என்று அனீஸா சொல்லியிருந்தாள். நினைத்தால் மழை பெய்ய வைப்பாளாம், ஆற்றையே வாசலுக்குக் கொண்டுவருவாளாம். அவன் என்ன பேசுவான் என்பது மட்டும் அவள் கையில் இல்லையாம்.

"எங்க ரெண்டு பேருல உங்களுக்கு யாரைப் பிடிச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டே விட்டான்.

"ரெண்டு பேரும் நீங்கதானே?"

"இல்லை. அவன் வேற, நான் வேற."

வேறொருவன் என்றால் வீடு தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இவனை எங்கே போய்ப் பிடிப்பது? கனவுக்குள் விழிப்போடு இருப்பது எப்படி என்று செல்போனில் தேடித்தேடிப் பார்த்தான் ஷஹ்பாஸ். கனவில் விரல்களின் எண்ணிக்கை தவறுமாம். திருவிடைமருதூரில் தன் உரக்கடையில் உட்கார்ந்தபடி அடிக்கடி கையை விரித்து எண்ணிப் பழகினான். யூரியா வாங்க வந்தவர்கள், ஏதோ கணக்குப் போடுகிறார் என்று காத்திருந்தார்கள்.

அவனைப் பார்த்தால் பேசித் தீர்த்துக்கொள்வது, முடியாவிட்டால் பாபநாசத்தில் அம்மா வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்தான். அதை அனீஸாவிடமும் சொன்னான். அவள் வேளை தவறாமல் தரும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்தான். கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் கையைப் பார்த்தால் ஆறு விரல். சரியாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அலறிக்கொண்டு அவன் எழுந்தபோது அனீஸா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"அவனைப் பார்த்துட்டேன்" என்றான். சட்டை நனைந்திருந்தது. "வாய்க்கால் கரை ரோட்டுல பைக்ல வந்தான். பின்னாடி நீங்க. உங்ககிட்ட என்னவோ சொல்லணும்னு திரும்பினான். எதிர்ல நெல்லு ஏத்துன லாரி. கத்துறேன், அவனுக்குக் கேக்கலை."

அனீஸா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"லாரியைப் பத்தி நான் சொல்லவே இல்லையேங்க" என்றாள். "அதை மட்டும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

அவன் இறங்கி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அப்ப நீ கண்ட கனவெல்லாம்?"

"நடந்ததுன்னு சொன்னா, அது நான் இல்லைன்னு கோவப்பட்டீங்க. கனவுன்னு சொன்னாத்தான் உட்கார்ந்து கேட்டீங்க" என்றாள் அனீஸா. "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேட்டீங்களே, அன்னையிலேர்ந்து நான் ஒரு கனவுகூடக் கண்டதில்லைங்க."